அப்பா போன பிறகும் மிஸஸ்ஸா?

அம்மாவுக்கு விமான டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். பெயருக்கு முன்னால் ஒரு கட்டம்: மிஸ்டர், மிஸஸ், மிஸ், எம்எஸ். அம்மா எட்டிப் பார்த்தாள். "அப்பாதான் போயிட்டாரே, நான் இன்னும் மிஸஸ்தானா?"

சட்டென்று பதில் வரவில்லை. அப்பா உயிரோடிருந்து அம்மா போயிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. கல்யாணத்துக்கு முன்பும் பின்பும், மனைவி இறந்த பிறகும் ஆண் மிஸ்டர்தான்.

மிஸஸ், மிஸ் இரண்டுமே 'மிஸ்ட்ரஸ்' என்ற ஒரே சொல்லின் சுருக்கங்கள். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மிஸஸ் என்பது பெரும்பாலும் அந்தஸ்தைத்தான் குறித்தது. சொந்தமாகத் தொழில் நடத்தி, வேலையாட்களை வைத்திருந்த பெண் மணமாகாதவளாக இருந்தாலும் மிஸஸ்தான். மிஸ் என்பது முதலில் சிறுமிகளுக்கானது. அந்தஸ்தின் இடத்தில் கல்யாணம் வந்து உட்கார்ந்தது பிறகுதான். ஜேன் ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' (1811) நாவலில் ஃபேனி என்ற பெண் 'மிஸஸ் ஜான் டாஷ்வுட்' ஆகிறாள். அதில் அவள் பெயர் எங்கே?

எம்எஸ் அதற்கான மாற்று. 1901லேயே அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரப் பத்திரிகை ஒன்று அதைப் பரிந்துரைத்தது, ஆனால் அது நிலைக்கவில்லை. 1961இல் தோழிக்கு வந்த தபாலில் அதைப் பார்த்த ஷீலா மைக்கேல்ஸ், அச்சுப்பிழை என்றே முதலில் நினைத்தார். பிறகு அதற்காக வருடக்கணக்காகப் பேசியவரும் அவர்தான்.

1984இல் அமெரிக்கத் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட ஜெரால்டின் ஃபெராரோ, பிறந்த வீட்டுப் பெயரையே வைத்திருந்தார். கணவர் பெயர் ஸக்காரோ. மணமானவர், அதனால் மிஸ் இல்லை. ஃபெராரோ என்பவரின் மனைவியும் இல்லை, அதனால் மிஸஸ் ஃபெராரோவும் தப்பு. ஆனாலும் நியூயார்க் டைம்ஸ் மிஸஸ் என்றே எழுதியது. எம்எஸ்ஸை ஏற்க அதற்கு 1986 வரை ஆனது.

ஒருத்தியை மரியாதையாகக் கூப்பிட, அவள் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நமக்கு ஏன் தெரிய வேண்டும்? இந்த நினைப்போடுதான் சொன்னேன்: "எம்எஸ்னு போட்டுடலாம்மா."

"வேணாம். நாப்பது வருஷமா எழுதறது. மிஸஸ்னே போடு."

விளக்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அந்தக் கட்டம் செய்ததைத்தான் நானும் செய்யப் பார்த்தேன்: அம்மா யார் என்பதை அவளுக்காக முடிவு செய்வது. கணவரை நினைத்து அவள் மிஸஸ் என்கிறாளா, தானே நடத்திவந்த வீட்டை நினைத்தா? நான் கேட்கவில்லை. மிஸஸ் என்றே போட்டேன்.