ஈடு

ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்குப் போகும் வழியில், சென்கிளயர் நீர்வீழ்ச்சி தெரியும் இடத்தில் பஸ்ஸில் தூங்குபவரும் கண்விழித்துவிடுவார். இன்று நாம் அங்கே பார்ப்பது அனுமதிக்கப்பட்ட நீர். மேல் கொத்மலை நீர்மின் திட்டத்திற்காகக் கொத்மலை ஓயா தலவாக்கலையில் மறிக்கப்பட்டுச் சுரங்கத்துள் திருப்பப்படுகிறது. பகலில் 10 மணி 45 நிமிடம் நீர்வீழ்ச்சிக்கு ஓரளவு நீர் விடவேண்டும் என்பது நிபந்தனை. மத்திய சுற்றாடல் அதிகாரசபை முதலில் மறுத்த திட்டம் இது. மேன்முறையீட்டின் பின் 1998இல் அனுமதி கிடைத்தது. 2012இல் 150 மெகாவாற் நிலையம் இயங்கத் தொடங்கியது.

எல்லாம் சட்டப்படியே நடந்தன. என்னை உறுத்துவதும் அதுதான். பகலில் மட்டும் விடப்படும் நீர் பார்ப்பவரின் கண்ணுக்கானது. தூவானத்தை நம்பிப் பாறையிடுக்கில் வாழும் தவளைக்கும் பாசிக்கும் இரவும் உண்டல்லவா?

ஓரிடத்தில் அழிக்க அனுமதித்து, பதிலுக்கு வேறிடத்தில் காடு வளர்க்கச் சொல்வது இன்று பல நாடுகளின் சட்டத்தில் இருக்கிறது. 'உயிர்ப்பல்வகைமை ஈடுசெய்தல்' என்று அதற்குப் பெயர். நமது ஷரீஅத்திலும் ஈடு உண்டு. கொலையுண்டவரின் வாரிசுகளுக்குக் கொடுபடும் தியத். ஆனால் தியத் கொடுக்க வசதியிருக்கிறது என்பதற்காக எவனுக்கும் கொல்லும் உரிமை முன்கூட்டியே கிடைப்பதில்லை. ஏற்பதா, மன்னிப்பதா என்று சொல்லவேண்டியவர்களும் வாரிசுகளே. அந்தத் தவளையின் வாரிசாக நின்று ஈட்டை ஏற்றுக்கொண்டவர் யார்? மலைச்சரிவில் வரிசையாக நடப்பட்ட பைனஸ் மரங்கள் கணக்கில் காடாகலாம். சோலைக்காட்டில் வாழ்ந்த உயிருக்கு அது வீடாகாது.

"அப்படியானால் மின்சாரம் வேண்டாமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். வேண்டும். லயத்துப் பிள்ளை விளக்கில் படிக்கவேண்டும். நானும் மின்விளக்கின் கீழிருந்துதான் இதை எழுதுகிறேன். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். பிறகு இம்மலைகளில் தேயிலைக்காக அழிந்த காட்டுக்கு எவரும் ஈடு கேட்கவில்லை. அந்தத் தேயிலையைக் குடித்தே நாமும் வளர்ந்தோம்.

நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதையும் ஆகுமாக்கும், தேவையின் அளவுக்கு மட்டும் என்கிறது ஃபிக்ஹ். பட்டினியால் சாகும் நிலையில் செத்த பிராணியை உண்பவன் பாவியல்லன். ஆனால் அதை அவன் அறுத்த இறைச்சி என்று சொல்லிக்கொள்வதில்லை. வயிறு நிறைய உண்பதும் இல்லை. நாம் அந்த நேர்மையையாவது காக்கலாம். எடுத்ததை எடுத்தோம் என்றும், இழந்ததை இழந்தோம் என்றும் சொல்வோம். ஈடு செய்துவிட்டோம் என்று எழுதிவைத்தால், அடுத்த ஆற்றுக்குப் போகும்போது நமக்குக் கை நடுங்காது.