செயற்கை நுண்ணறிவு சொல்லும் செய்திக்கு ஸனது உண்டா?





நம் பனவடலிசத்திரத்தில் ஒரு காலத்தில் பிள்ளை கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறான் என்றால் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகிறான் என்று அர்த்தம். இப்போது அப்படியில்லை. 2011-ல் ஸோஹோ நிறுவனம் தென்காசியில் அலுவலகம் திறந்தது. பிறகு மத்தளம்பாறையில் பெரிதாக வளர்ந்தது. பல நாட்டுக் கம்பெனிகள் பயன்படுத்துகிற ஸோஹோ டெஸ்க் மென்பொருள் அங்கேதான் உருவானது. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்த பிள்ளைகளைக் கட்டணம் வாங்காமல், மாத உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்றுவிக்கிற ஸோஹோ பள்ளியும் அங்கே இருக்கிறது. வயலில் இறங்கி வேலை பார்த்தவர் வீட்டுப் பிள்ளை இன்று புரோகிராம் எழுதிச் சம்பாதிக்கிறான்.

ஆகவே, மிம்பரில் கம்ப்யூட்டரைப் பற்றி என்ன பேச்சு என்று நினைக்காதீர்கள். வியாபாரிக்குத் தராசைப் பற்றி எச்சரிக்கிறோம். புரோகிராம் எழுதுகிற பிள்ளையின் கையில் இருக்கும் தராசு எது என்பதையும் பார்க்க வேண்டுமல்லவா?

இன்று அந்தப் பிள்ளை பாதி வேலையைச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்குகிறான். அது தவறில்லை, அதுவும் ஒரு கருவிதான். ஆனால் அந்தக் கருவி எப்படிப் பேசுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று பழகிய இயந்திரம் அது. புத்தகத்தைத் திறந்து பார்த்துச் சொல்வதாகத் தோன்றும். வெளியே தேடிப் பார்க்கும் வசதி இணைக்கப்படாவிட்டால், அது எதையும் திறந்து பார்ப்பதில்லை. உண்மையும் கற்பனையும் ஒரே குரலில், ஒரே உறுதியோடு வரும்.

ஓர் ஆய்வைச் சொல்கிறேன். புரோகிராம் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் தாங்களே எழுதுவதில்லை. பிறர் எழுதிப் பொதுவில் வைத்த தொகுப்புகளைப் பெயர் சொல்லி எடுத்துச் சேர்த்துக்கொள்வார்கள். அமெரிக்க ஆய்வாளர்கள் 16 மாடல்களிடம் 5,76,000 புரோகிராம் துண்டுகளை எழுத வாங்கிப் பார்த்தார்கள். அவை பரிந்துரைத்த தொகுப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று உலகத்திலேயே இல்லாதது! அப்படி இட்டுக்கட்டிய பெயர்கள் மட்டும் 2 லட்சத்துக்கு மேல். இதில் ஆபத்து என்னவென்றால், திருடன் ஒருவன் அந்த இல்லாத பெயரிலேயே விஷமத் தொகுப்பு ஒன்றைச் செய்து வைத்துவிட்டால் போதும். சரிபார்க்காதவன் அதைத் தன் கையாலேயே வீட்டுக்குள் கொண்டுவந்து விடுவான்.

இட்டுக்கட்டப்பட்ட செய்தி என்பது நமக்குப் புதிதா? ஹதீஸ் கலையே அதை எதிர்த்து நின்று வளர்ந்ததுதானே! ஆரம்பத்தில் மக்கள் ஸனது கேட்கவில்லை, குழப்பம் தோன்றிய பிறகுதான் உங்களுக்குச் சொன்னவர் யார் என்று கேட்கத் தொடங்கினார்கள் என்ற கருத்தை இமாம் இப்னு ஸீரீன் (ரஹ்) சொன்னதாக இமாம் முஸ்லிம் (ரஹ்) தமது நூலின் முன்னுரையில் பதிவு செய்கிறார்கள். யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார் என்று கண்ணி கண்ணியாகப் போகும் அந்தச் சங்கிலி.

ஆச்சரியம் பாருங்கள், கம்ப்யூட்டர் உலகமும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் 'கிட்' என்ற கருவியைச் செய்தார். ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதியவர் பெயர், நேரம், அதற்கு முந்தைய மாற்றம் எது என்பதெல்லாம் அதில் பதிவாகும். நடுவில் ஒரு கண்ணியைத் திருத்தினால் அதற்குப் பின்னால் உள்ள அடையாள எண்கள் எல்லாம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். இந்த வரியை எழுதியது யார் என்று கேட்க ஒரு கட்டளையும் உண்டு. அதற்கு 'பிளேம்', அதாவது பழி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்!

ஆனால் பெயர் இருந்தால் மட்டும் போதுமா? நம் முஹத்திஸீன்கள் அதோடு நிற்கவில்லை. ஆள் யார், நேர்மை எப்படி, நினைவாற்றல் எப்படி என்று விசாரித்தார்கள். பெயர் தெரிந்தும் ஆள் இன்னாரென்று அறியப்படாதவரை 'மஜ்ஹூல்' என்று ஒதுக்கினார்கள். இதன் அருமையை 2024 மார்ச்சில் உலகம் பார்த்தது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்.இசட் என்ற சிறு மென்பொருள், எண்ணற்ற சர்வர்களில் இருப்பது. அதைச் சம்பளமில்லாமல் ஒருவர் பராமரித்து வந்தார். 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் வந்து, இரண்டாண்டுக்கு மேல் உதவி செய்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, பொறுப்பையும் வாங்கி, கடைசியில் ரகசியக் கதவு ஒன்றை வைத்துவிட்டார். சங்கிலியில் பெயர் இருந்தது, தேதி இருந்தது. ஆள் யாரென்று இன்றுவரை வெளிவரவில்லை. ஆண்ட்ரஸ் ஃப்ராயின்ட் என்ற பொறியாளர், சர்வருக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டியதால்தான் அது பிடிபட்டது. அரை விநாடி! நாமாக இருந்தால் நெட் ஸ்லோ என்று விட்டிருப்போம்.

கிட்டில் பெயர் உண்டு, ஆளைத்தான் விசாரிக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவின் பதிலிலோ அந்தப் பெயர்கூட இல்லை.

சகோதரர்களே! நமக்கு அறிவில்லாததைப் பின்தொடர வேண்டாம் என்று தடுக்கும் பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 36-வது வசனம், செவி, பார்வை, உள்ளம் மூன்றும் விசாரிக்கப்படும் என்று எச்சரிக்கிறது. அந்த இயந்திரத்துக்கு இம்மூன்றும் இல்லை. மறுமையில் அதை நிறுத்திக் கேட்கப் போவதுமில்லை. அது கொடுத்ததை உன் பெயரில் ஒப்படைத்தாயே, உன்னைத்தான் கேட்கப்படும். நீ எழுதிய பில்லிங் மென்பொருளில் ஒரு கூலிக்காரரின் சம்பளம் குறைந்தால், அது 'ஏஐ எழுதியது' என்பது பதிலாகாது.

எனவே வாலிபர்களே, அது தரும் ஒவ்வொரு வரியையும் பிறருக்கு விளக்கிச் சொல்ல முடிகிற வரை ஒப்படைக்காதீர்கள். சொல்லும் தொகுப்பு உண்மையில் இருக்கிறதா, யார் பராமரிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். அதே இயந்திரத்திடம் தலாக், வாரிசுப் பங்கு, ஸகாத் கேட்கிறவர்களும் இருக்கிறீர்கள். புகாரியில் இத்தனையாவது ஹதீஸ் என்று எண்ணோடு சொல்லும். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு நூலைத் திறந்து பாருங்கள். இல்லாவிட்டால் இஷாவுக்குப் பிறகு பள்ளிக்கு வந்து ஆலிம்களிடம் கேளுங்கள். பார்க்காமல் குடும்ப வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியிலும் சம்பாத்தியத்திலும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.