கஞ்சித்தொட்டித் தருமமும் சைவாசிரியரும்

சைவாசிரியர்களே,

நாம் மாணாக்கர்க்குத் திருநீற்றின் மகிமையைப் போதிக்கின்றோம். பஞ்சாட்சரத்தை உச்சரிக்கப் பழக்குகின்றோம். காலைப் பிரார்த்தனையிலே மயங்கி விழும் பிள்ளை முதல்நாள் இரவு யாது உண்டான் என்று வினாவினோமா?

2022ஆம் வருஷம் செப்டெம்பர் மாதத்திலே, இலங்கையில் உணவுப்பண்டங்களின் விலை முந்திய வருஷத்திலும் நூற்றுக்கு 90க்கு மேல் ஏறிநின்றது. அக்காலத்திலே அடியேனுடைய வகுப்பில் ஒரு சிறுவன் இவ்வாறு விழுந்தான். தண்ணீர் தெளித்தோம், திருநீறு சாத்தினோம். கண்விழித்த அவன் சொல்லியது, "இண்டைக்கு அக்கா சாப்பிடுற முறை, சேர்" என்பதே. மூன்று மாசம் அவனுக்குத் தேவாரம் படிப்பித்த அடியேன் அதனை அன்றுதான் அறிந்தேன்.

திருவீழிமிழலையிலே பஞ்சம் வந்தபொழுது, ஆளுடையபிள்ளையாருக்கும் திருநாவுக்கரசு நாயனாருக்கும் சிவபெருமான் தினந்தோறும் படிக்காசு அருளினார். அதுகொண்டு இருவர் திருமடங்களிலும் அடியார்கள் அமுதுசெய்தார்கள். பிள்ளையாருடைய காசு வட்டங்கொடுத்து மாற்றவேண்டியதாயிருந்தமையால் அவர் மடத்தில் அமுது தாமதித்தது. ஞானப்பாலுண்ட அப்பெருமான் செய்தது யாது? அமுது தாமதித்தற்குக் காரணம் என்னையென்று சமைப்பாரை அழைத்து விசாரித்தார். இவ்விசாரணை நமக்கும் உரியதன்றோ?

நம் யாழ்ப்பாணத்திலே 1876-77ஆம் வருஷங்களில் பஞ்சமும் வாந்திபேதியும் சனங்களை வருத்தியபொழுது, ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் வண்ணார்பண்ணையிலே கஞ்சித்தொட்டித் தருமத்தைத் தாபித்தார்கள். அப்பொழுது அவர்களுக்கு வயசு 55 வரையில், 1879இல் தேகவியோகமானார்கள். பெரியபுராணத்தை வசனமாக எழுதிய அக்கையே கஞ்சிக்குப் பொருள் வேண்டி நீண்டது.

தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலே முருகப்பெருமானை அன்னதானக் கந்தன் என்று வழங்குகின்றோம். மடங்களிலே வருவார்க்கெல்லாம் சோறு உண்டு. பெருந்தருமமே. ஆயினும் பசித்தவன் அங்கே வரல்வேண்டுமே! பத்துக் கட்டைக்கு அப்பாலுள்ள சிறுவன் பள்ளிக்கூடத்துக்கே வருகின்றான். அவனைக் காண்பவர் நாமே.

இன்னுமொன்று. அடியேன் பாதிரிமார் பள்ளிக்கூடத்திலே படித்தவன். அங்கே மத்தியானக் கஞ்சி வார்க்குமுன் செபஞ் சொல்லுவிப்பார்கள்; எங்கள் வாய் செபத்திலும் கண் கிடாரத்திலும் இருந்தன. அக்கஞ்சியை இகழேன், பசித்திருந்தேன், உண்டேன். ஆனால் செபத்தைக் கஞ்சிக்கு விலையாக வாங்கியது இன்றும் நெஞ்சில் உறுத்துகின்றது. நாம் தேவாரத்தை அவ்வாறு விலையாக வாங்குதல் ஆகாது. முதலிலே கஞ்சி வார்க்கப்படுக. பாடவல்லவன் பின்பு பாடுவான், பாடாதவனும் மறுநாள் உண்பான்.

எங்கள் பாடசாலையில் ஆசிரியரெல்லாரும் வீட்டிலே உலையிடும்போது ஒரு பிடி அரிசி எடுத்துவைத்து, வெள்ளிக்கிழமைதோறும் கொணர்ந்து ஒரு பானையிலே சேர்க்கின்றோம். கணக்குப் புத்தகத்தில் அரிசியின் நிறையை எழுதுகின்றோம். உண்பார் பெயரை எழுதுவதில்லை. பசியில்லாத பிள்ளைகளும் சிலவேளை வரிசையிலே நிற்கின்றார்கள். நிற்கட்டும், அவர்கள் நிற்பதனாலன்றோ மற்றவன் நாணாமல் நிற்கின்றான்! அரிசிக்கு இதுவரையிற் குறைவில்லை. தேங்காய்க்குத்தான் முட்டுப்பாடு.