எரியப்போகும் பூமியில் மரம் எதற்கு?



பாகூர் பக்கத்திலுள்ள நம் ஜெபவீட்டைப் பெரிதாக்க வேண்டும் என்ற பேச்சு வந்ததிலிருந்து, வாசலில் நிற்கும் புளியமரத்தைப் பற்றியும் பேச்சு வந்திருக்கிறது. மரத்தை வெட்டினால் ஷெட்டை நேராகப் போட்டுவிடலாம். விட்டுவைத்தால் சற்றுத் திருப்பிப் போட வேண்டும், செலவும் கொஞ்சம் கூடும். இதை வைத்து வாலிபர் ஒருவர் கேட்டார்: "பாஸ்டர், கர்த்தர் சீக்கிரம் வரப்போறார். பூமியே எரிஞ்சு போகப்போகுது. இதுல ஒரு மரம் இருந்தா என்ன, போனா என்ன?"

அந்தத் தம்பி கேலியாகக் கேட்கவில்லை. 2 பேதுரு 3:10-ஐ உண்மையாய் விசுவாசிக்கிறவன் கேட்கிற கேள்வி அது. ஆகவே வேதத்தைக் கொண்டே பதில் தேட வேண்டும்.

இலங்கையில் இரத்தினபுரிப் பக்கம் கூட்டங்களுக்காகப் போயிருந்தபோது, தேயிலைத் தோட்டத்துச் சகோதரர்கள் என்னைச் சிங்கராஜ வனத்துக்கு அழைத்துப் போனார்கள். குடாவ என்ற ஊரின் வழியாக உள்ளே போனோம். அட்டைப்பூச்சி ஏறாமலிருக்கக் காலில் சோப்புத் தடவிக்கொண்டு நடந்தோம். பகல் பன்னிரண்டு மணிக்கும் சாயங்காலம்போல இருந்தது. நம் புதுச்சேரியில் வருஷத்துக்குச் சுமார் 1,300 மில்லிமீட்டர் மழை என்றால், அங்கே 3,000 மில்லிமீட்டருக்கு மேல். தவிட்டுக்குருவிகளும் கரிச்சானும் நீலவால் அழகிய பறவைகளும் ஒன்றுசேர்ந்து ஒரே கூட்டமாய் இரை தேடிப் போவதைப் பார்த்தோம். அந்தக் காட்டு மரவகைகளில் பாதிக்கும் மேல் இலங்கைத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாய் வளருவதில்லை என்று வழிகாட்டி சொன்னார். அங்கே அழிந்தால் அதோடு முடிந்தது.

நாங்கள் நடந்த பாதைக்கும் ஒரு கதை உண்டு. 1970-களின் தொடக்கத்தில் பிளைவுட் செய்வதற்காக இயந்திரங்களைக் கொண்டு அந்தக் காட்டை வெட்டத் தொடங்கினார்கள். அப்போது மரம் ஏற்றிப்போகப் போட்ட ரோடுதான் அது. ஜனங்கள் எதிர்த்ததால் 1977-ல் வெட்டுவது நின்றது. 1988-ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக ஏற்றுக்கொண்டது. இன்றைக்கும் களு கங்கைக்கும் ஜின் கங்கைக்கும் அந்த மலைகளிலிருந்து தண்ணீர் போகிறது.

கூட வந்த ஒரு சகோதரர் சொன்னார்: "ஐயா, எங்க பாட்டன் பூட்டன் இந்தியாவிலிருந்து வந்து இந்த மலையில காடு வெட்டித்தான் தோட்டம் போட்டாங்க. தண்ணி எங்கிருந்து வருதுன்னு எங்களுக்குத் தெரியும்." அது சரித்திரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை மலைநாட்டுக் காடுகள் காப்பிக்காகவும், பின்பு தேயிலைக்காகவும் வெட்டப்பட்டபோது, துரைமார் சொல்ல வெட்டிய கைகளில் நம் தமிழ்க் கைகளும் இருந்தன. வெட்டினவன் ஏழையாகவே இருந்தான்.

தேவபிள்ளைகளே, யோபு 38:26, 27-ஐ எடுத்து வாசியுங்கள். மனுஷனே குடியில்லாத வனாந்தரத்திலும் தாம் மழை பெய்யப்பண்ணுவதாகக் கர்த்தர் யோபுவுக்குச் சொல்லுகிறார். யாருக்காக அந்த மழை? அங்கே உழுகிறவன் இல்லை, அறுக்கிறவன் இல்லை. நமக்குப் பிரயோஜனமில்லாத இடத்தையும் அவர் மறக்கவில்லை. அந்தக் காட்டில் நின்றபோது இந்த வசனம் எனக்கு மிகவும் தெளிவாயிற்று.

இனி தம்பியின் கேள்விக்கு வருவோம். பேதுரு அக்கினியைப் பற்றிச் சொல்லுமுன் எதைச் சொல்லுகிறார்? அதே அதிகாரம் ஆறாம் வசனத்தில் ஜலப்பிரளயத்தைச் சொல்லுகிறார். அந்நாளிலும் பூமிக்கு முடிவு குறிக்கப்பட்டிருந்தது. அது நோவாவுக்கு முன்னமே தெரியும். "எல்லாம் முழுகப்போகுதே, மிருகம் எதுக்கு, பறவை எதுக்கு?" என்று அவன் கேட்கவில்லை. ஜாதிஜாதியாய் உயிரோடே காக்கத் தேவன் கட்டளையிட்டார் (ஆதி. 6:19, 20). நோவாவை நினைத்தருளின தேவன் பேழையிலிருந்த மிருகங்களையும் நினைத்தருளினார் (ஆதி. 8:1). முடிவு வருகிறது என்ற செய்தி நோவாவைக் காக்கிறவனாக்கியது, அழிக்கிறவனாக்கவில்லை.

"அப்போ வெள்ளம் வடிஞ்ச பிறகும் பூமி இருந்தது பாஸ்டர், இனிமே புதிய பூமிதானே வரும்?" என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் எரிக்கும் நாளும் எரிக்கும் அதிகாரமும் பிதாவின் கையில் இருக்கின்றன. அவை நமக்குக் கொடுக்கப்படவில்லை. நமக்குக் கொடுக்கப்பட்டது ஏதேன் தோட்டத்தில் ஆதாமுக்குக் கொடுக்கப்பட்ட வேலை: பண்படுத்துவது, காப்பது (ஆதி. 2:15). இந்தச் சரீரமும் ஒருநாள் மண்ணுக்குப் போகிறதுதான். அதற்காகப் பிள்ளைக்குச் சோறு போடாமல் இருக்கிறோமா? காய்ச்சல் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடுகிறோமே!

அப்படியானால் மரத்தைத் தொடவே கூடாதா? வேதம் அப்படிச் சொல்லவில்லை. யுத்தகாலத்திலும் கனி கொடுக்கும் மரத்தை வெட்டாதே என்று சொன்ன அதே இடத்தில், மற்ற மரங்களை வெட்டவும் அனுமதி இருக்கிறது (உபா. 20:19, 20). குஞ்சை எடுக்கலாம், தாய்ப்பறவையை விட்டுவிட வேண்டும் (உபா. 22:6, 7). உபயோகிக்கலாம், ஆனால் வேரோடு முடித்துவிடக் கூடாது. சிங்கராஜாவைச் சுற்றியுள்ள கிராமத்து ஜனங்கள் கித்துள் பனையில் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுகிறார்கள். மரம் நிற்கிறது, வீட்டில் அடுப்பும் எரிகிறது.

அடைக்கலான் குருவியிலும் நாம் விசேஷித்தவர்கள் என்று ஆண்டவர் சொன்னார் (மத். 10:31). ஆத்தும ஆதாயமே சபையின் முதல் வேலை. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நம்மை விசேஷித்தவர்கள் என்று சொன்னவரே, பிதாவின் சித்தமில்லாமல் அந்தக் குருவியும் தரையிலே விழாது என்றார்.

புளியமரத்தைப் பற்றி இன்னொரு காரியம். "அதுல பேய் இருக்குன்னு ஊர்ல சொல்றாங்க, வெட்டிட்டா நல்லது" என்று சிலர் நினைக்கலாம். பிரியமானவர்களே, பேய் இயேசுவின் நாமத்துக்கு ஓடும், கோடரிக்கு ஓடாது. மரம் கர்த்தருடையது. கூட்டத்துக்கு வருகிற தாய்மார் அதன் நிழலில்தான் பிள்ளைகளை உட்காரவைக்கிறார்கள். வில்லியனூரிலும் பாகூரிலும் வயலெல்லாம் மனைப்பிரிவாகி, வரப்புப் பனைகள் ஒவ்வொன்றாய் விழுகிற இந்நாளில், அந்த நிழலும் ஒரு சாட்சிதான்.

ஷெட்டைத் திருப்பிப் போட ஆகும் செலவில் ஒரு பங்கை நானும் கொடுக்க ஆயத்தமாயிருக்கிறேன். கமிட்டியார் ஜெபத்தோடு முடிவு செய்யட்டும். எஜமான் வரும்போது, காக்கச் சொன்னதைக் காத்துக்கொண்டிருக்கிற ஊழியக்காரராய் நம்மைக் காண்பாராக.

மாரநாதா! ஆமென்.