மாமன் மடி... மயிலம் முருகன் படி!

விடுமுறை வந்துவிட்டால், விழுப்புரம் பக்கத்துக் குடும்பங்களுக்கு மயிலம் என்றாலே குஷிதான்! தாத்தா முதல் பேரன் வரை ஒரே வேனில் கிளம்பிவிடுவார்கள். பெயரிலேயே புளியங்காட்டைச் சுமப்பதாகச் சொல்லப்படும் திண்டிவனத்தை நெருங்கும்போதே, தூக்குச்சட்டியில் புளியோதரை மணக்கும். மலைக்கோயிலில் பிள்ளைக்கு மொட்டை, காதுகுத்து என்று அமர்க்களப்படும்.

ஆனால், சில குடும்பங்களில் ஓர் இடம் மட்டும் காலியாக இருக்கும். அது, தாய்மாமன் இடம்! குழந்தையை மடியில் அமர்த்திக்கொள்ள வேண்டியவர் அவர்தான். சொத்துத் தகராறு, சீர்வரிசையில் குறை என ஏதோ ஒரு மனத்தாங்கல்... அழைப்பே போயிருக்காது.

அவர்கள் இந்தத் தலத்தின் புராணத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம். முருகப்பெருமானை எதிர்த்துப் போரிட்டுத் தோற்றவன் சூரபத்மன். பிறகு மனம் திருந்தி, 'தங்களுக்கு வாகனமாகும் பேறு வேண்டும்' என வேண்டினான். அதற்காக அவன் மயில் வடிவ மலையாகி இங்கே தவம் இருந்தான். ஆகவே மயிலம் என்பது ஐதீகம்.

யோசித்துப் பாருங்கள்... போர் தொடுத்த பகைவனையே வாகனமாக ஏற்றுக்கொண்டார் கந்தன். நாமோ, கோபத்தில் நாலு வார்த்தை பேசிவிட்ட உடன்பிறப்பை ஒதுக்கி வைத்துவிட்டு, வள்ளி-தெய்வானை சமேதராக அருள்பவரிடம் போய், 'குடும்பம் செழிக்கணும்' என்கிறோம்!

குலசாமிக்கு முதல் பத்திரிகை வைத்த கையோடு, அடுத்த பத்திரிகையை அண்ணன் வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். 'நீ வந்து உட்கார்ந்தாத்தான் அண்ணே பிள்ளைக்குக் காது குத்துறது' என்று சொல்லிப் பாருங்கள். மாமன் மடியில் குழந்தை வீறிட்டு அழும்போது, பெரியவர்களின் பகை கரைந்துபோகும். மயில்வாகனனின் மனமும் குளிரும்!