பதில் தராத இடம்

ஜார்ஜ்டவுனில் பீச் ஸ்ட்ரீட்டுக்கு வந்து கடலைத் தேடாதீர்கள். ஒருகாலத்தில் அந்தத் தெருதான் கரை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கடலைத் தூர்த்து வெல்ட் கீயை உண்டாக்கினார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் தாத்தா சொல்வார்: "கடலு எங்கயும் போகலைடா, நாமதான் அது மேல ஏறி உக்காந்திருக்கோம்." உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் படித்துவிட்டு, அவர் சொன்னதை நான் மில்லிமீட்டரில் அளந்துகொண்டிருக்கிறேன்.

செண்டினல்-1 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள் 693 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ரேடார் அலையை அனுப்பும். அது தரையில் பட்டுத் திரும்புவதைப் பதிவு செய்யும். 12 நாள் கழித்து அதே பாதையில் மறுபடி வரும். அலைநீளம் சுமார் 5.6 சென்டிமீட்டர்தான் என்பதால், தரை கொஞ்சம் இறங்கினாலும் திரும்பும் அலை வேறு கட்டத்தில் வந்து சேரும். ஐந்தாறு வருடப் பதிவுகளை அடுக்கிவைத்தால் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் இறக்கம்கூடப் பிடிபட்டுவிடும். முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சாமி வந்த மாதிரி இருந்தது.

அப்புறம்தான் சில விஷயங்கள் உறுத்த ஆரம்பித்தன. இந்த இறக்கம் எதைவிட? அசையாத ஒரு புள்ளியை நாமே தேர்ந்தெடுக்கிறோம். நான் கொடிமலை அடிவாரத்தில் ஒன்றை எடுத்தேன். கருங்கல் தரை, நம்பலாம். ஆனாலும் அது என் முடிவு. வானம் சொன்னது இல்லை.

இன்னொன்று, எல்லா இடமும் பதில் தருவதில்லை. கான்கிரீட் கட்டடம் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி பதில் தரும். அடுக்குமாடிகள் நிற்கும் கரையில் புள்ளிகள் நெருக்கியடிக்கும். சதுப்புக் காடும் சேறும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பதில் தருவதால் அங்கே வெற்றிடம்தான். வெல்ட் கீயில் கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் சீனக் குலத்தவர் ஜெட்டிகளும் ஏறக்குறைய அப்படித்தான். தகரக் கூரை சில சமயம் பதில் தரும். அது கூரையின் கதை, கீழே இருக்கும் சேற்றின் கதை இல்லை.

கரை எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று கணக்கிட ஒரு குறியீடு உண்டு. நில அமைப்பு, சரிவு, கடல்மட்ட மாற்றம், அரிப்பு, ஓத வீச்சு, அலை உயரம் என்று ஆறு விஷயங்களுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். பெருக்கி, ஆறால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்கவேண்டும். மனிதர்களுக்கு அதில் கட்டம் கிடையாது, அது இருக்கட்டும். நிலம் தாழ்வது கடல்மட்ட மாற்றம் என்ற கட்டத்துக்குள் போகும். பெருக்கல் என்பதால் ஒரு கட்டம் காலியாக இருந்தால்கூடக் கணக்கு நின்றுவிடும். அதனால் பக்கத்து எண்ணைக் கொண்டு நிரப்புவோம். நானும் நிரப்பினேன். எதிரே இருக்கும் கட்டடத்தின் எண்ணை ஜெட்டிக்குக் கொடுத்தேன். வரைபடத்தில் ஜெட்டி பச்சையாகிவிட்டது. யாரும் கேட்கவில்லை. இதைப் பொய் என்று சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

திருத்தலாம் என்று உட்கார்ந்தால் வேறு பயம். தெரியாததை ஆபத்து என்று வைத்துச் சிவப்பு அடிப்பதுதான் பாதுகாப்பு என்று படித்திருக்கிறேன். ஆனால் அங்கே இருப்பவர்கள் கையில் இருப்பது பட்டா இல்லை, தற்காலிகக் குடியிருப்பு உரிமம். 2006இல் இரண்டு ஜெட்டிகளை இடித்தார்கள், அடுக்குமாடி கட்ட. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு மிச்சமிருப்பவைக்குக் கொஞ்சம் மூச்சு. "ஆபத்துப் பகுதி" என்ற என் சிவப்பு ஒருநாள் யார் மேசைக்குப் போகும், எதற்குக் காரணமாகும் என்பது என் கையில் இல்லை. பச்சை அடித்தால் அலைக்குக் காட்டிக்கொடுக்கிறேன், சிவப்பு அடித்தால் புல்டோசருக்கு.

கடைசியில் எந்த நிறமும் அடிக்காமல், கோடு போட்டு, "அளக்கப்படவில்லை" என்று எழுதினேன். வரைபடம் அசிங்கமாகிவிட்டது என்றார்கள். உண்மைதான். அதுவும் என் கை சுத்தமாக இருக்க நான் கண்டுபிடித்த வழியோ என்று ராத்திரி தோன்றியது. அளக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டால் போதுமா? நேரில் போய்ப் பார்க்க எனக்கு ஸ்கூட்டரில் பத்து நிமிடம்.

போனேன். ஜெட்டியில் கடை வைத்திருக்கும் ஒரு சீனப் பெரியவர், வீடு தாழ்கிறதா என்று மலாயில் கேட்டார். தெரியவில்லை அங்கிள் என்றேன். செயற்கைக்கோளுக்கே தெரியலையா என்று சிரித்துவிட்டு, வீட்டுத் தூணைக் காட்டினார். ஒவ்வொரு வருடமும் தண்ணீர் ஏறிய உச்சத்துக்குப் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டுவைத்திருக்கிறார். நிலம் தாழ்ந்ததா, கடல் ஏறியதா என்று கோடு பிரித்துச் சொல்லாது. வீட்டுக்குள் தண்ணீர் வருமா என்பதற்கு அந்தப் பிரிவினை தேவையும் இல்லை. பழைய தூணை மாற்றியதில் பாதிக் கோடுகள் போய்விட்டனவாம். புதுத் தூணில் ஆறு இருக்கின்றன. அன்றைக்கு ஓதம் ஏறியிருந்தது, கீழே இருந்த இரண்டு தெரியவில்லை. தண்ணீர் இறங்கும் நேரம் பார்த்து, அளவுநாடாவோடு சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.