முகிலும் முறியும்

வாங்கினாயா? வாங்கினேன். தருவதாகச் சொன்னாயா? சொன்னேன். கைநாட்டு உன்னுடையதுதானே? ஆம். அப்படியானால் பேச்சென்ன, எடுத்து வை!

கடனைப் பற்றி உலகம் நடத்தும் வழக்கு இந்த மூன்று கேள்விகளோடு முடிந்துவிடுகிறது. வென்றவர் முறியை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொள்கிறார். தோற்றவன் ஏரையும் எருதையும் இழந்து வீடு திரும்புகிறான். சொன்ன சொல்லைக் காப்பது அறமல்லவா என்று கேட்போர் உண்டு. அவர்கள் தீயவர் அல்லர், கேள்வியும் நேர்மையானதே. சொல் தவறாமை இல்லையேல் அங்காடி இல்லை, தொழில் இல்லை, நட்பும் இல்லை. ஆனால் உழவன் கொடுத்தது எத்தகைய சொல் என்று எண்ணிப் பார்த்தோமா?

பத்து நாளில் புடவை தருகிறேன் என்கிறான் நெசவாளி. தறி அவன் வீட்டில், நூல் அவன் கையில். அவன் சொல்லை அவனே காக்கலாம். அறுவடையில் தருகிறேன் என்கிறான் உழவன். அறுவடை அவன் கையிலா இருக்கிறது? பாதி அவன் கையில், மறுபாதி வானத்தின் கையில். முறியில் கையெழுத்திட்டவன் உழவன் ஒருவனே, முகில் கையெழுத்திடவில்லை. இருந்தும், முகில் செய்த பிழைக்கு முழுத் தண்டமும் உழவனுக்கு. இது அறமா?

கேள்வி புதியதன்று. ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனை ஆண்ட அம்முராபி என்னும் மன்னன் கல்லில் பொறித்த சட்டம், 1901இல் ஈரான் நாட்டுச் சூசா நகர இடிபாடுகளிலே கண்டெடுக்கப்பட்டு, இன்று பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கண்ணுக்குக் கண் வாங்கிய சட்டம் என்ற அளவோடு பாடநூல்கள் நிறுத்திக்கொள்கின்றன. அதே கல்லில் 48ஆம் விதி என்று ஆராய்ச்சியாளர் எண்ணிட்ட பகுதி ஒன்று உண்டு. கடன்பட்டவனின் வயலைப் புயல் பாழாக்கினாலோ, வெள்ளம் பயிரை வாரிச் சென்றாலோ, நீரின்றிக் கதிர் விளையாமற் போனாலோ, அவ்வாண்டு அவன் தானியம் அளக்க வேண்டுவதில்லை. கடனெழுதிய களிமண் ஏட்டை நனைத்து மாற்றிக்கொள்ளலாம். அந்த ஆண்டுக்கு வட்டியும் இல்லை!

அம்முராபி மக்களாட்சி கண்டவனல்லன். அடிமைகளை விற்றும் வாங்கியும் வாழ்ந்த நாடு அவனுடையது. அவனுக்குக்கூடத் தெரிந்திருந்தது, மழை பெய்யாதது உழவனின் குற்றமன்று என்பது.

கிரேக்கம் இதைக் கலகத்தின் விளிம்பில் நின்று கற்றது. ஏதென்சில் கடனுக்கு ஈடாக உழவன் தன் உடலையே வைத்தான். தவறினால் மனைவி மக்களோடு அடிமையானான். அடமானப்பட்ட நிலத்தில் அதை அறிவிக்கும் கல் நின்றது. கி.மு. 594இல் ஆட்சிப் பொறுப்பேற்ற சோலோன் அக்கற்களைப் பிடுங்கி எறியச் செய்தான். உடலை ஈடு வைத்துக் கடன் பெறுவதையே தடைசெய்தான். 'பாரம் உதறல்' என்ற பொருள்படும் பெயரால் கிரேக்கர் அதனைக் குறித்தனர். நிலத்தைப் பங்கிட்டுத் தரவேண்டும் என்ற கோரிக்கையை மட்டும் அவன் ஏற்கவில்லை. பாதி மருத்துவம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

அதே ஏதென்சில், இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, வணிகன் கடன் வாங்கிய முறையைப் பாருங்கள். கப்பலையும் சரக்கையும் ஈடு காட்டி அவன் பணம் பெற்றான். கப்பல் கரை சேர்ந்தால் முதலும் வட்டியும் தரவேண்டும்; கடலில் மூழ்கினால் கடனும் அதனோடு மூழ்கியது! வட்டி மிகுதிதான். ஆனால் அந்த மிகை வட்டிக்குக் காரணம் இருந்தது: கொடுத்தவரும் புயலில் பங்கு கொண்டார். உழவனுக்குக் கொடுப்பவரும், "எனக்கு இடர் மிகுதி, ஆகையால் வட்டி மிகுதி" என்கிறார். நன்று. இடர் வரும் நாளில் அதில் பாதியை அவர் ஏற்கிறாரா? இடருக்கான விலையை வாங்கிக்கொண்டு இடரையும் உழவன் தலையிலேயே கட்டுவது எந்த ஊர் நீதி?

கடலோடிக்குக் கிடைத்த நீதி பின்னர் ஆலை முதலாளிக்கும் கிடைத்தது. 1855இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. நிறுவனம் நொடித்தால் பங்கு போட்டவர் தம் பங்கை மட்டும் இழப்பார். அவர் வீட்டுக்குள் கடன்காரர் நுழைய முடியாது. தொழில் வளர இது தேவை என்றனர், இருக்கலாம். இருபதே ஆண்டுகள் கழித்து, அதே இங்கிலாந்தின் ஆளுகையில் இருந்த தக்காணத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்து பருத்தி வருவது தடைப்படவே, மான்செஸ்டர் ஆலைகள் இந்தியாவை நோக்கின. விலை ஏறிற்று. லேவாதேவிக்காரர், உழவன் கேட்குமுன்பே கடன் நீட்டினார். 1865இல் போர் ஓய்ந்தது. அமெரிக்கப் பருத்தி மீண்டும் கப்பலேறிற்று. இங்கே விலை விழுந்தது. நீட்டிய கை மடங்கிற்று. அந்த வேளையில்தான் சர்க்கார் நிலத்தீர்வையை மறுமதிப்பீடு செய்து உயர்த்திற்று. தீர்வையைப் பணமாகக் கட்டவேண்டும், குறித்த நாளில் கட்டவேண்டும். மழை பெய்ததா என்று தீர்வை கேட்பதில்லை. உழவன் எங்கே போவான்? மீண்டும் அதே லேவாதேவிக்காரர் திண்ணைக்கே போனான்.

கடன்பத்திரம் மூன்றாண்டுகளுக்குமேல் செல்லாது என்று 1859ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் விதித்திருந்தது. வட்டி குவியாதிருக்க வேண்டும் என்ற நல்லெண்ணந்தான். விளைவோ வேறு. மூன்றாண்டு முடிவில் அசலோடு வட்டியைக் கூட்டி, கூட்டியதைப் புதிய அசலாக்கி, புதிய பத்திரம்! எழுதத் தெரிந்தவர் எழுதினார். தெரியாதவன் கட்டைவிரலை நீட்டினான்.

1875 மே 12ஆம் நாள், புனே மாவட்டத்துச் சூபா என்னும் ஊரில் உழவர் திரண்டனர். கலகம் அகமதுநகர் மாவட்டத்துக்கும் பரவிற்று. கலகக்காரர் கேட்டது பொன்னன்று, பொருளன்று, காகிதம். கடன்பத்திரங்களையும் வழக்குமன்றத் தீர்ப்புகளையும் பறித்துத் தீயிட்டனர். அவற்றை அமைதியாகக் கொடுத்துவிட்ட இடங்களில் பெரும்பாலும் வேறு தீங்கு நிகழவில்லை என்பதை ஆங்கில அரசின் விசாரணையே பதிவு செய்தது. தீ வைப்பதை நான் போற்றவில்லை. எழுத்தறியா மனிதன் எழுத்தைக் கண்டு அஞ்சும்படி செய்துவிட்டு, அவன் அதை எரித்தபோது வியப்படைந்தார்களே, அதைத்தான் என்னால் விளங்கிக்கொள்ள இயலவில்லை. 1879இல் வந்த தக்காண உழவர் நிவாரணச் சட்டம், பத்திரத்தில் கண்ட தொகையை அப்படியே ஏற்காமல், முதலில் கைமாறியது எவ்வளவு என்று ஆராயும் கடமையை நீதிபதிக்குத் தந்தது. அது போதாது என்று கண்டவர் சோதிராவ் புலே. 'உழவனின் சாட்டை' என்று பொருள்படும் தலைப்பில் 1883இல் அவர் மராத்தியில் எழுதிய நூல், வட்டிக்காரரை மட்டுமன்று, கல்வியை உழவனுக்கு எட்டாமல் வைத்த கூட்டத்தையும் அதிகார வர்க்கத்தையும் சேர்த்தே விளாசிற்று.

நம் குறட்பதிப்புகளில் 104ஆம் அதிகாரம் உழவு, அடுத்தது நல்குரவு, அதற்கடுத்தது இரவு. வகுப்பில் இவ்வரிசையைச் சொன்னபோது உழவர் வீட்டுச் சிறுவன் ஒருவன், "எங்க வீட்டிலயும் இதே வரிசைதான் ஐயா" என்றான். மற்றவர்கள் சிரித்தனர். அவன் சிரிக்கவில்லை.

"கடனைத் தள்ளிக்கொண்டே போனால் நாளை யார் கொடுப்பார்?" என்பர். தள்ளத்தக்க வாதமன்று இது. கொடுப்பவர் கையை மூடினால் ஏழை இன்னும் கொடிய வட்டிக்குத்தான் ஓடுவான். 2008இல் நடுவணரசு செய்த கடன் தள்ளுபடி வங்கியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் வாங்கியவருக்கே பயன்பட்டது. தனியாரிடம் பட்டவன் அப்படியே நின்றான். ஆகவே நான் கேட்பது, ஆள்வோர் மனமிரங்கும்போது வந்து விழும் தள்ளுபடியை அன்று. விளையாத ஆண்டின் இழப்பைக் கொடுத்தவரும் பெற்றவரும் அரசும் எப்படிப் பங்கிடுவது என்பதை, விதைக்குமுன்பே முறியில் எழுதவேண்டும் என்கிறேன். இரந்து பெறுவதற்கும் உரிமையாய்ப் பெறுவதற்கும் உள்ள வேறுபாடு, பெறுபவனின் முதுகெலும்பில் தெரியும்.

2016இல் இந்தியா, நொடிப்புச் சட்டத் தொகுப்பு ஒன்றை இயற்றிற்று. கடன் கொடுத்தோர் குழு இசைந்தால், நிறுவனத்தின் கடனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து எஞ்சியதைப் பெற்றுக் கணக்கை முடித்துக்கொள்ளலாம். அதே ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் பொய்த்தது. 2017 மார்ச்சில் காவிரிப் படுகை உழவர்கள் தில்லி ஜந்தர் மந்தருக்குச் சென்று, மாண்ட உழவருடையவை என்று கூறி மண்டையோடுகளை ஏந்தி, 40 நாட்களுக்குமேல் தெருவில் அமர்ந்தனர். அவர்கள் கேட்டவற்றுள் பயிர்க்கடன் தள்ளுபடியும் ஒன்று. அவர்களோடு உட்கார்ந்து பேசி முடிக்க அப்படியொரு குழு இல்லை.

காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். அதே 2016இல்தான் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டமும் தொடங்கிற்று. ஆனால், முக்கியப் பயிர்களில் வறட்சி போன்ற பரவலான இழப்பை அத்திட்டம் ஊரையோ ஊராட்சியையோ ஓர் அலகாகக் கொண்டு, மாதிரி அறுவடையின் சராசரியால் அளக்கிறது. சராசரி தேறிவிட்டால், கடைமடையில் தண்ணீர் எட்டாமல் கருகிய ஒருவனது வயலுக்குக் கணக்கில் இடமில்லை. பாபிலோன் கல்லில் இருந்த சொல் 'அவனுடைய வயல்' என்பது.